எஃப்டிஓ கண்ணாடி மேல மெட்டல் ஆக்சைடு கிரிஸ்டல் வளர்க்குறது எப்படி: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு ரெண்டுக்கும்

மெட்டல் ஆக்சைடு எலக்ட்ரோடு பண்ண பொதுவா ரெண்டு வழி. ஒண்ணு, பவுடர் வாங்கி பேஸ்ட் ஆக்கி கண்ணாடில பூசி சுட்டு எடுக்குறது. 1991-ல ஓ'ரீகனும் கிரெட்செலும் பண்ண டை சோலார் செல்லே இந்த மாதிரி துகள்களை ஒட்டவச்சு சுட்ட படலம் தான், அதனால இது மட்டமான வழின்னு சொல்ல வரல. ஆனா அதுல எலக்ட்ரான் ஒரு துகள்ல இருந்து அடுத்த துகளுக்கு, அங்கேர்ந்து இன்னொண்ணுக்குன்னு தாவித் தாவி தான் கீழ கண்ணாடிக்கு வந்து சேரணும், ஒவ்வொரு எல்லையிலயும் கொஞ்சம் தொலைஞ்சு போகும். ரெண்டாவது வழி, எலக்ட்ரோடு மேலயே கிரிஸ்டலை குச்சி குச்சியா நிக்க வச்சு வளர்க்குறது. ஒரு குச்சி முழுக்க ஒரே கிரிஸ்டல், அடி நேரா கண்ணாடில நிக்கும், எலக்ட்ரானுக்கு நேர் வழி. இங்க நான் சொல்லப்போறது இந்த ரெண்டாவது வழி.

செய்முறைக்கு முன்னாடி ஒரு விஷயம் மட்டும் பிடிச்சுக்கோங்க, மத்ததெல்லாம் இதுல இருந்து தானா வரும். கரைசல்ல இருக்குற உலோக அயனி ஆக்சைடா மாறும்போது அதுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு தண்ணிக்குள்ளயே வெள்ளையா திரண்டு அடில படிஞ்சிடலாம், இல்லன்னா உங்க கண்ணாடி மேல ஒட்டி வளரலாம். தண்ணிக்குள்ள புதுசா ஒரு கிரிஸ்டல் பிறக்க செறிவு ரொம்ப ஏறணும், ஏற்கனவே இருக்குற கிரிஸ்டல் மேல வளர கொஞ்சம் ஏறினாலே போதும். அந்த இடைவெளில தான் நாம வேலை பண்றோம். விதை போடுறது, செறிவை கம்மியா வைக்குறது, ஆசிட் சேர்க்குறது, மெதுவா சூடு ஏத்துறது எல்லாமே இதுக்குத்தான்.

கண்ணாடில ஆரம்பிப்போம். ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு பூசின கண்ணாடி) வேண்டாம், எஃப்டிஓ (ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு பூசினது) எடுங்க. ஐடிஓவை காத்துல 300, 350 டிகிரிக்கு மேல சுட்டா அதோட கடத்தும் திறன் சரிய ஆரம்பிச்சிடும், எஃப்டிஓ 500 டிகிரி வரைக்கும் சும்மா தாங்கும். மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு பக்கமும் தொட்டு பாருங்க, சில பத்து ஓம் காட்டுற பக்கம் தான் கடத்துற பக்கம், மறுபக்கம் ஒண்ணும் காட்டாது. பின்பக்கத்துல டைமண்ட் பேனாவால மூலைல ஒரு சின்ன கீறல் போட்டுடுங்க, ஏன்னா நாலு தடவை கழுவி காயவச்சதும் எது எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியாது, தலைகீழா வளர்த்துட்டு ஏன் கரன்ட் வரலன்னு உக்காந்து யோசிக்குறவங்க நிறைய பேர்.

கழுவுறது: சோப்புத் தண்ணி, டிஐ வாட்டர் (அயனி நீக்கின தண்ணி), அசிட்டோன், ஐசோப்ரோப்பனால், இந்த வரிசைல ஒவ்வொண்ணுலயும் சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வால அழுக்கை உதிர்க்குற தொட்டி) 10-15 நிமிஷம். அப்புறம் யூவி ஓசோன் இருந்தா 15 நிமிஷம். ஒரு சொட்டு தண்ணி விட்டா அது உருண்டு நிக்காம பரவிடணும். உருண்டு நின்னா இன்னும் எண்ணெய்ப்பசை இருக்குன்னு அர்த்தம், திரும்ப கழுவுங்க. இதுல சோம்பல் பட்டா பின்னாடி என்ன பண்ணாலும் படலம் திட்டுத்திட்டா தான் வரும். கழுவினதுக்கு அப்புறம் ஒரு ஓரத்துல 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு கேப்டன் டேப் (சூடு தாங்குற டேப்) ஒட்டிடுங்க, கிளிப் மாட்டுறதுக்கு அந்த இடம் வேணும்.

இப்ப ஜிங்க் ஆக்சைடு. இதுக்கு பெரிய செட்டப் ஒண்ணும் வேண்டாம், மூடி போட்ட போரோசிலிகேட் பாட்டிலும் 90 டிகிரி பிடிக்குற ஓவனும் போதும், அதனால முதல்ல இதை பண்ணி கை பழகிக்கிறது நல்லது.

முதல்ல விதை. ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட் 55 மில்லிகிராம் எடுத்து 50 எம்எல் எத்தனால்ல கரைங்க, அது 5 மில்லிமோலார் வரும். கண்ணாடியோட கடத்துற பக்கம் முழுக்க மூடுற அளவுக்கு சொட்டு விட்டு, 10 செகண்ட் விட்டு, சுத்தமான எத்தனாலால கழுவி, காத்தடிச்சு காயவைங்க. இதை 3-5 தடவை பண்ணுங்க. சொட்டு விடும்போது கவனிச்சு பாருங்க, எத்தனால் ஓரத்துல இருந்து காய ஆரம்பிக்கும்போது வானவில் மாதிரி வளையம் ஒண்ணு உள்நோக்கி ஓடும், அந்த வளையம் ஓடி முடிச்சு நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி விட்டுச்சுன்னா நீங்க லேட், கழுவுறது அதுக்கு முன்னாடியே நடந்திருக்கணும். அந்தப் புள்ளி இருக்குற இடத்துல விதை குவிஞ்சு போய் குச்சிங்க எல்லாப் பக்கமும் சாஞ்சு வளரும். அப்புறம் 350 டிகிரில 20 நிமிஷம் சுடுங்க, அசிடேட் சிதைஞ்சு ஜிங்க் ஆக்சைடு விதையா மாறிடும் (டேப் ஒட்டியிருந்தா சுடுறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, வளர்க்கும்போது புதுசா ஒட்டிக்கலாம், கேப்டன் டேப்போட பசை அந்த சூட்டுக்கு வராது). மொத்தத்தையும் இன்னொரு தடவை பண்ணினா விதை அடர்த்தியா இருக்கும். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, கண்ணாடி சும்மா கண்ணாடியாவே இருக்கும், தெரியலன்னு பயந்து கெட்டியா போடாதீங்க.

வளர்க்குற கரைசலுக்கு ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.744 கிராம், ஹெக்ஸமீன் 0.350 கிராம், மொத்தம் 100 எம்எல் டிஐ வாட்டர். ரெண்டும் தலா 25 மில்லிமோலார். தனித்தனியா 50 எம்எல்ல கரைச்சிட்டு அப்புறம் சேருங்க. ரூம் டெம்பரேச்சர்ல தெளிவா தான் இருக்கணும். ஹெக்ஸமீன் எதுக்குன்னா, அது சூட்டுல மெதுவா உடைஞ்சு அமோனியாவும் ஃபார்மால்டிஹைடும் விடும், அந்த அமோனியா தான் ஹைட்ராக்சைடை கொஞ்சம் கொஞ்சமா குடுக்கும். நேரடியா சோடியம் ஹைட்ராக்சைடு ஊத்தினா அடுத்த செகண்டே பால் மாதிரி ஆயிடும், கண்ணாடிக்கு ஒண்ணும் மிஞ்சாது.

கண்ணாடியை பாட்டிலுக்குள்ள வைக்குற விதம் முக்கியம். கடத்துற பக்கம் கீழ பார்த்து, சுவர்ல சாஞ்சாப்ல நிக்கணும். மேல பார்த்து வச்சா தண்ணிக்குள்ள திரளுற வெள்ளைத் தூள் எல்லாம் மழை மாதிரி அது மேல படியும். படுக்க வச்சு கீழ பார்க்க வச்சாலும் வேற தொல்லை, சூடாகும்போது தண்ணில கரைஞ்சிருந்த காத்து குமிழியா வெளிய வந்து கண்ணாடிக்கு அடில மாட்டிக்கும், அங்க கரைசலே தொடாது. கடைசில எடுத்துப் பார்த்தா சின்னச் சின்ன வட்டமா வழுக்கை தெரியும், அதோட ஓரம் கத்தியால வெட்டினாப்ல இருக்கும். எலக்ட்ரோகெமிஸ்ட்ரில அந்த வழுக்கை சும்மா அழகு பிரச்சினை இல்ல, அங்க எலக்ட்ரோலைட் (அளக்கும்போது எலக்ட்ரோடை முக்கி வைக்குற கரைசல்) நேரா எஃப்டிஓவைத் தொடும், நீங்க அளக்குறது ஆக்சைடையா எஃப்டிஓவையான்னே சொல்ல முடியாது. சாய்வா வச்சா குமிழி நழுவி மேல போயிடும். தண்ணியை முன்னாடியே கொதிக்க வச்சு ஆறவிட்டு யூஸ் பண்ணினா குமிழி இன்னும் குறையும்.

90 டிகிரி, 3-4 மணி நேரம். இதுல நேரம் எங்கேர்ந்து எண்ணுறீங்கன்னு குறிச்சுக்கோங்க, ஓவன் 90 காட்டும் ஆனா உள்ள இருக்குற 100 எம்எல் தண்ணி அந்த சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும். வாட்டர் பாத்ல வச்சா சீக்கிரம் வரும். ஒரே ரெசிபிய ஒருத்தர் ஓவன்லயும் இன்னொருத்தர் வாட்டர் பாத்லயும் பண்ணிட்டு ஏன் நீளம் வேற வேறயா வருதுன்னு சண்டை போட்டா காரணம் பெரும்பாலும் இது தான். வளரும்போது கரைசல் கலங்கும், அது சகஜம், ஆனா கலங்கின ஒவ்வொரு துளியும் கண்ணாடிக்கு வராம போன ஜிங்க். சில மணி நேரத்துல கரைசல் தீர்ந்துடும், அதுக்கு மேல விட்டு வச்சாலும் பெருசா வளராது. நீளமான குச்சி வேணும்னா புதுக் கரைசல் போட்டு திரும்ப ஆரம்பிக்கணும், நேரத்தை மட்டும் கூட்டிப் புண்ணியமில்ல. ஒல்லியா நீளமா வேணும்னா பாலிஎத்திலீன்இமைன் கொஞ்சம் சேர்ப்பாங்க, அது குச்சியோட பக்கச் சுவர்ல ஒட்டி அகலமாகுறதை தடுக்கும். நுனி முகம் தான் இயல்பாவே வேகமா வளரும், அதனால எல்லா வளர்ச்சியும் மேல் நோக்கிப் போகும். பாட்டிலைத் திறக்கும்போது ஃபியூம் ஹூட்ல (ஆவியை உறிஞ்சி வெளிய தள்ளுற கூண்டு) திறங்க. உள்ள இருக்குறது ஃபார்மால்டிஹைடு, மூக்குல அடிக்கும், உடம்புக்கும் நல்லதில்ல.

எடுத்ததும் டிஐ வாட்டர்ல நல்லா அலசி, காயவச்சு, வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சு பாருங்க. நல்ல படலம்னா ஒரே சீரா லேசான வெண்பனி மூட்டம் மாதிரி இருக்கும், விரல்ல தேய்ச்சா வராது. வெள்ளையா மாவு மாதிரி கைல ஒட்டுதுன்னா அது மேல விழுந்த தூள், உங்க கிரிஸ்டல் இல்ல. பின்பக்கம் ஒட்டியிருந்தா பட்ஸ்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டு துடைங்க, உடனே கரைஞ்சு போயிடும். அப்புறம் 400 டிகிரில அரை மணி நேரம், நிமிஷத்துக்கு 5 டிகிரி வீதம் ஏத்தி, ஃபர்னஸ்லயே ஆறவிட்டு எடுங்க. ஹெக்ஸமீன் மிச்சமெல்லாம் எரிஞ்சு போகும். சூடா வெளிய எடுத்தா கண்ணாடி டப்புனு விரிசல் விடும்.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சிதறலை வச்சு கிரிஸ்டல் அமைப்பைப் பார்க்குற கருவி) கிடைச்சா 34.4 டிகிரில வர்ற பீக்கைப் பாருங்க (காப்பர் கே ஆல்ஃபா எக்ஸ்ரேவுக்கு). குச்சிங்க நிமிர்ந்து நின்னா அது மட்டும் உயரமா இருக்கும், 31.8-உம் 36.3-உம் அமுங்கிப் போகும். எஃப்டிஓவுக்கே 33.9 கிட்ட ஒரு பீக் இருக்கு, அதை உங்களோடதுன்னு நினைச்சு சந்தோஷப்படாதீங்க, வெறும் கண்ணாடிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்து பக்கத்துல வச்சுக்கோங்க.

அடுத்தது ரூட்டைல் டைட்டானியம் டைஆக்சைடு (ரூட்டைல்ங்கிறது அதோட ஒரு கிரிஸ்டல் வடிவம்). 1972-ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியால தண்ணியை பிரிச்சுக் காட்டினது ரூட்டைல் ஒற்றைக் கிரிஸ்டல்ல தான், எதிர்ல பிளாட்டினம். இதோட அழகு என்னன்னா எஃப்டிஓல விதையே வேண்டாம். எஃப்டிஓங்கிறது ஃபுளோரின் கலந்த டின் ஆக்சைடு, அதுக்கும் ரூட்டைல் அமைப்பு தான், அணுக்களோட இடைவெளியும் ரொம்ப கிட்ட கிட்ட, அதனால கண்ணாடில இருக்குற டின் ஆக்சைடு துகளே விதையா ஆயிடும். வெறும் கண்ணாடிலயோ சிலிக்கான்லயோ அதே கரைசலை வச்சா ஒண்ணும் வளராது.

30 எம்எல் டிஐ வாட்டர்ல 30 எம்எல் கான்சென்ட்ரேட்டட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்துங்க (ஆசிட் தண்ணிக்குள்ள போகணும், தண்ணி ஆசிட்டுக்குள்ள இல்ல, ஃபியூம் ஹூட், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் கட்டாயம்). 5 நிமிஷம் கலக்கிட்டு 1 எம்எல் டைட்டானியம் பியூடாக்சைடை சொட்டு சொட்டா விடுங்க, இன்னொரு 5 நிமிஷம் கலக்கினா தெளிவாயிடணும். ஆசிட் எதுக்கு இவ்ளோன்னா, வெறும் தண்ணில பியூடாக்சைடு விழுந்த கணமே வெள்ளையா திரண்டுடும், ஆசிட் தான் அதை பிடிச்சு வைக்குது. முன்னாடி ஹெக்ஸமீன் பண்ணின அதே வேலையை இங்க ஆசிட் பண்ணுது, ஒண்ணு மெதுவா குடுக்குது, இன்னொண்ணு அவசரப்படாம தடுக்குது, அவ்ளோ தான் வித்தியாசம். ஆசிட் குறைஞ்சா தூள் விழும், ரொம்ப கூடினா கண்ணாடி மேலயும் வளராது. பியூடாக்சைடு பாட்டிலை திறந்து வைக்காதீங்க, காத்துல இருக்குற ஈரத்துலயே வாய்ல வெள்ளையா ஓடு கட்டிடும், அந்த ஓடு உள்ள விழுந்தா அன்னிக்கு கரைசல் தெளியாது.

உள்ள 100 எம்எல் டெஃப்லான் குடுவை இருக்குற ஆட்டோகிளேவ்ல (இறுக்கி மூடுற ஸ்டீல் பாத்திரம்) ஊத்தி, கண்ணாடியை அதே மாதிரி கடத்துற பக்கம் கீழ பார்க்க சுவர்ல சாச்சு வச்சு, 150 டிகிரில வைங்க. 60 எம்எல் போதும், மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க, சூட்டுல தண்ணி விரியும், மேல இடம் இல்லன்னா அழுத்தம் எங்க போகும்? 20 மணி நேரத்துல ரெண்டு மைக்ரான் அளவுல குச்சி வரும். இன்னும் நீளமா வேணும்னு ஒரு நாளுக்கு மேல விட்டா படலம் மொத்தமா உரிஞ்சு வெள்ளைத் தாள் மாதிரி மிதக்க வாய்ப்பிருக்கு, ஆசிட் அடிப்பக்கத்தையும் கரைச்சிட்டே தான் இருக்கும். ஆட்டோகிளேவை முழுசா ரூம் டெம்பரேச்சருக்கு வந்த பிறகு தான் திறக்கணும், தொட்டா வெதுவெதுப்பா இருந்தாலும் பொறுங்க, உள்ள இருக்குறது அழுத்தத்துல நிக்குற ஆசிட் ஆவி. ஸ்டீல் பகுதியை திறந்ததும் துடைச்சு காயவைக்கலன்னா துரு பிடிச்சு மரை மாட்டிக்கும்.

இது எக்ஸ்ஆர்டில 36.1-உம் 62.8-உம் குடுக்கும். பவுடர் ரூட்டைல்ல பெருசா வர்ற 27.4 இங்க காணாம போயிருந்தா கவலைப்படாதீங்க, குச்சி நிமிர்ந்து நிக்குதுன்னு தான் அர்த்தம். 450 டிகிரில அரை மணி நேரம் சுட்டு எடுத்துக்கோங்க.

கிரிஸ்டல் வளர்ந்துடுச்சு, ஆனா அது இன்னும் எலக்ட்ரோடு ஆகல. டேப் ஒட்டியிருந்த ஓரத்துல சில்வர் பேஸ்ட் வச்சு காப்பர் வயர் ஒட்டி, காய்ஞ்சதும் எப்பாக்சியால மூடுங்க. வயர், பேஸ்ட், ஓரம், பின்பக்கம் எல்லாம் மூடி முன்னாடி ஒரு சின்ன சதுரம் மட்டும் திறந்திருக்கட்டும். அந்தச் சதுரத்தை ஸ்கேலோட சேர்த்து போட்டோ எடுத்து பரப்பளவை அளங்க, கண்ணளவுல ஒரு சதுர சென்டிமீட்டர்னு எழுதுறது தான் பாதி பேரோட கரன்ட் டென்சிட்டி தப்பா போற இடம். எப்பாக்சி ஓரத்துல நூல் அளவு கசிஞ்சு எலக்ட்ரோலைட் சில்வரைத் தொட்டாலும் சைக்ளிக் வோல்டாமெட்ரில (வோல்டேஜை ஏத்தி இறக்கி கரன்ட்டை அளக்குறது) கூர்மையா ஒரு பீக் வரும், பார்க்க ரொம்ப அழகா இருக்கும், ஆக்சைடுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது.

வழுக்கை இருக்கான்னு தெரிய ஈசியான சோதனை: பொட்டாசியம் ஃபெரோசயனைடு கரைசல்ல இருட்டுல சைக்ளிக் வோல்டாமெட்ரி ஓட்டுங்க. வெறும் எஃப்டிஓ நல்ல ஜோடி பீக் குடுக்கும். ஆக்சைடு நல்லா மூடியிருந்தா ஆக்சிடேஷன் பீக் அமுங்கிடும், ஏன்னா ஜிங்க் ஆக்சைடு, ரூட்டைல் ரெண்டும் என் டைப் (எலக்ட்ரான் தான் கரன்ட்டை சுமக்கும்), இருட்டுல அந்தப் பக்கம் கரன்ட் விடாது. குச்சிங்க அடர்த்தியா தெரியுது ஆனா பீக் அப்படியே நிக்குதுன்னா அடில இடுக்கு இருக்கு, அதுக்கு விதையை அடர்த்தியாக்குறது தான் வழி, குச்சியை நீளமாக்கிப் பிரயோஜனமில்ல.

எலக்ட்ரோலைட் விஷயத்துல ரெண்டும் எதிரெதிர். ஜிங்க் ஆக்சைடு ஆசிட்லயும் கரையும், கடுமையான காரத்துலயும் கரையும், அதனால நடுநிலை கிட்டயே வச்சுக்கோங்க, 0.5 மோலார் சோடியம் சல்ஃபேட் மாதிரி. யூவி வெளிச்சத்துல தன்னைத்தானே அரிச்சுக்கவும் செய்யும், ஃபோட்டோஆனோடா (வெளிச்சத்துல வேலை செய்யுற ஆனோடு) நாள் கணக்குல ஓட்ட இது ஆகாது. ஆனா சென்சாருக்கு அருமை: ஜிங்க் ஆக்சைடோட ஐசோஎலக்ட்ரிக் பாயின்ட் (மேற்பரப்பு சார்ஜ் சுழியமாகுற பிஎச்) 9.5 கிட்ட, குளுக்கோஸ் ஆக்சிடேஸ்ங்கிற என்சைமுக்கு 4 சொச்சம், பிஎச் 7.4-ல ஒண்ணு பாசிட்டிவ் இன்னொண்ணு நெகட்டிவ், என்சைம் தானா போய் ஒட்டிக்கும். ரூட்டைல் காரத்துல அசையாது, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுல தாராளமா ஓட்டலாம். ஆனா காரத்துல சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸை மணிக்கணக்குல போட்டு வைக்காதீங்க, மெர்குரி ஆக்சைடு ரெஃபரன்ஸ் எடுங்க. சில்வர் குளோரைடு தான் இருக்குன்னா அளந்த வோல்டேஜோட 0.197-உம், பிஎச்சை 0.059-ஆல பெருக்கினதும் கூட்டினா ஆர்எச்இ (ரிவர்சிபிள் ஹைட்ரஜன் எலக்ட்ரோடு) கணக்கு வந்துடும்.

ரூட்டைலோட பேண்ட் கேப் (எலக்ட்ரானை எழுப்பத் தேவையான குறைஞ்சபட்ச ஆற்றல்) 3.0 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 413 நானோமீட்டருக்கு கீழ இருக்குற வெளிச்சம் மட்டும் தான் அதுக்கு சாப்பாடு. ஒரு சூரியன் வெளிச்சத்துல கோட்பாட்டு உச்சமே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.8 மில்லியாம்ப் அளவு தான், சுத்தமான ரூட்டைல்ல 5 மில்லியாம்ப் வந்துச்சுன்னு யாராவது காட்டினா விளக்கோட யூவி அளவையும் பரப்பளவையும் கேளுங்க. செல்லோட ஜன்னல் குவார்ட்ஸா இருக்கட்டும், சாதா கண்ணாடி யூவில ஒரு பகுதியை முழுங்கிடும். வெளிச்சத்தை சில செகண்டுக்கு ஒரு தடவை மறைச்சு மறைச்சு ஸ்கேன் பண்ணுங்க, இருட்டுக் கரன்ட்டும் வெளிச்சக் கரன்ட்டும் ஒரே படத்துல வந்துடும், திறந்த உடனே எகிறி அப்புறம் சரியுற கூர் முனை தெரிஞ்சா மேற்பரப்புல எலக்ட்ரானும் ஹோலும் (எலக்ட்ரான் விட்டுட்டுப் போன காலி இடம்) திரும்ப சேருதுன்னு எடுத்துக்கலாம்.

கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துலயே வேலை செய்யணும்னா ஹெமடைட் (ஒரு இரும்பு ஆக்சைடு) இருக்கு. 0.15 மோலார் ஃபெரிக் குளோரைடு, 1 மோலார் சோடியம் நைட்ரேட், பிஎச் 1.5 வர ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அதே கீழ் பார்த்த சாய்வு, 95-100 டிகிரில சில மணி நேரம். முதல்ல வர்றது மஞ்சளா இருக்கும், அது ஆக்சிஹைட்ராக்சைடு, ஹெமடைட் இல்ல. 550 டிகிரில 2 மணி நேரம் சுட்டா சிவப்பாகும், ஆனா கரன்ட் பெரும்பாலும் பேருக்குத் தான் இருக்கும். 800 டிகிரில 10 நிமிஷம் காட்டினா எஃப்டிஓல இருந்து டின் கொஞ்சம் மேல ஏறி கலந்து கரன்ட் எழும்பும். அந்த சூட்டுல சாதா கண்ணாடி வளைஞ்சிடும், எஃப்டிஓவோட ரெசிஸ்டன்ஸும் ஏறும், அதனால தட்டையான செராமிக் தட்டு மேல வச்சு தான் உள்ள தள்ளணும், 10 நிமிஷம் ஆனதும் தட்டோட சேர்த்தே வெளிய எடுத்து, கண்ணாடி திடீர்னு ஆறி விரிசல் விடாம இருக்க அதுலயே ஆறவிடணும்.